தள்ளுபடியில் வரும் முழங்கால்

கேள்வி: நான் ஒரு கால்பந்து கிளப்பின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். பெரிய கிளப் இல்லை, முதல் பிரிவில் எப்படியோ தாக்குப்பிடித்து நிற்கிறோம். எங்களுக்கு எட்டவே எட்டாது என்று நினைத்திருந்த ஒரு ஸ்ட்ரைக்கர் இப்போது கைக்கெட்டும் விலையில் வருகிறார். காரணம் காயம். ஐந்து மாதங்களுக்கு முன் ஏசிஎல் (முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்) கிழிந்து அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். கூடவே முழங்காலுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸிலும் ஏதோ வேலை நடந்திருக்கிறது. வயது 26. அதற்கு முந்தைய இரண்டு சீசன்களில் மூன்று முறை ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை) பிடித்து வெளியே உட்கார்ந்தவர். காயத்துக்கு முன் அவருடைய கிளப் கேட்ட டிரான்ஸ்பர் தொகையில் 40 சதவீதம் குறைத்துக்கொள்கிறார்கள். நான்கு ஆண்டு ஒப்பந்தம், சம்பளத்தில் குறைப்பு கிடையாது. வீரர்களை வாங்கி விற்கும் காலமான டிரான்ஸ்பர் விண்டோ மூட மூன்று வாரம்தான் இருக்கிறது. எங்கள் டாக்டர் ‘ரிஸ்க் அதிகம்’ என்கிறார். தலைவரோ ‘டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்’ என்கிறார். கோச்சுக்கு கோல் அடிக்க ஆள் வேண்டும். ரசிகர்களுக்கு விஷயம் கசிந்துவிட்டது. இவரை வாங்கலாமா? தள்ளுபடி நியாயமானதா? டாக்டர், கோச் இருவரில் யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

வாங்கலாம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற வடிவத்தில் வேண்டாம். வீரரைவிட எனக்கு உங்கள் ஒப்பந்தத்தின் மேல்தான் கவலை. அவர் முழங்காலில் உள்ள ஆபத்தை யாராலும் முழுதாக நீக்க முடியாது. அந்த ஆபத்தை யார் சுமப்பது என்பதை மட்டும் நீங்கள் மாற்றி எழுதலாம். இப்போதைய பேச்சுப்படி முழுவதையும் உங்கள் கிளப் ஒன்றே சுமக்கிறது.

முதலில் அந்த 40 சதவீதத்தைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் தலைவரை மயக்கியிருப்பது அதுதான். பழைய தொகை 100 என்றும் ஆண்டுச் சம்பளம் 30 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுக்குச் சம்பளமே 120. மொத்தம் 220. தொகையில் 40 குறைத்தால் 180 ஆகிறது. அதாவது உங்கள் மொத்தச் செலவில் குறைந்தது சுமார் 18 சதவீதம்தான். யானையை மலிவாக வாங்கிவிடலாம், தீனி விலை குறையாது.

இப்போது மறுபக்கம். ஐந்தாம் மாதத்தில் இருக்கிற முழங்கால் இது. எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் வரும் சீசனில் பாதியை அவர் ஆட மாட்டார். நான்கு சீசனில் அரை சீசன் என்பது எட்டில் ஒரு பங்கு, 12.5 சதவீதம். இது நிச்சயமாகத் தெரிந்த இழப்பு. 18-இல் 12.5 போனால் மீதி ஆறுகூட இல்லை. மறுபடி கிழிவது, ஹாம்ஸ்ட்ரிங் நான்காம் முறை பிடிப்பது, திரும்பி வந்தும் பழைய வேகம் வராமல் போவது, நான்கு ஆண்டு கழித்து 30 வயதில் விற்கப் போனால் வாங்க ஆளில்லாமல் இருப்பது ஆகிய அத்தனை நிச்சயமின்மைக்கும் சேர்த்துப் பழைய கிளப் உங்களுக்குத் தருவது அந்தச் சொச்சம்தான். உங்கள் உண்மையான எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். சம்பளம் கூடக்கூட தள்ளுபடி இன்னும் சுருங்கும்.

அடுத்து, உங்கள் குழுவில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி ‘எப்போது ஆடுவார்?’ என்பதாகத்தான் இருக்கும். தொழில்முறை வீரர்களைப் பொறுத்தவரை ஆடத் திரும்புவது என்பது பெரும்பாலும் நடந்துவிடுகிறது. 2001 முதல் ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகளில் காயங்களைக் கணக்கெடுத்துவரும் யூஇஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு) ஆய்வில், ஏசிஎல் கிழிந்த வீரர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்கள் ஓர் ஆண்டுக்குள் பயிற்சிக்குத் திரும்பியிருக்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது, இல்லையா? அதே ஆய்வில் மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால், உயர்மட்டத்தில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் 65 சதவீதம் பேர்தான். உங்கள் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. நீங்கள் பணம் கொடுக்கப் போவது இந்த இரண்டாவது எண்ணுக்கு.

அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் எண் இருக்கிறது. 2016-இல் வெளிவந்த நார்வே–அமெரிக்கக் கூட்டு ஆய்வு ஒன்று, அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பதாம் மாதம்வரை ஆட்டத்துக்குத் திரும்புவதை எத்தனை மாதம் தள்ளிப்போட்டாலும், ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயத்தின் விகிதம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைவதைக் காட்டியது. ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் தொழில்முறை வீரர்கள் அல்லர். ஆனாலும் ஒன்பது மாதத்துக்கு முன் எந்த வீரரையும் களத்தில் ஆடவிடக் கையெழுத்துப் போட நான் தயங்குவேன். ஏழாம் மாதத்தில் தொடர் தோல்வியில் இருக்கும் கோச்சுக்கு இந்தத் தயக்கம் புரியவே புரியாது.

பிரேசிலின் ரொனால்டோவின் கதை கால்பந்து பார்ப்பவர்களுக்கெல்லாம் தெரியும். 1999 நவம்பரில் இன்டர் மிலானுக்கு ஆடும்போது முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள தசைநாண் ஓரளவு கிழிந்தது. 2000 ஏப்ரலில் லாட்சியோவுக்கு எதிரான கோப்பை இறுதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். சில நிமிடங்களுக்குள், யாரும் தொடாமலே, அந்தத் தசைநாண் முழுவதுமாக அறுந்து, அவர் விழுந்தார். 2002 உலகக் கோப்பையில் 8 கோல் அடித்ததும், அதன்பின் ரியல் மாட்ரிட் அவரை வாங்கியதும் உண்மை. ஆனால் அந்த இரண்டு ஆண்டும் சம்பளம் கொடுத்துக் காத்திருந்தது இன்டர். பலன் போய்ச் சேர்ந்தது வேறு இடத்துக்கு.

சரி, வாங்குவதற்கு முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனைக்கு, அதாவது மெடிக்கலுக்கு வருவோம். மெடிக்கல் என்றால் ‘தேறினார்’ அல்லது ‘தோற்றார்’ என்று செய்தியில் எழுதுகிறார்களே, அந்தச் சொற்களை உங்கள் குழுக் கூட்டத்தில் தடை செய்துவிடுங்கள். ஒரே உடம்பை இரண்டு கிளப் இரண்டு விதமாகப் படிப்பது சர்வசாதாரணம். 2014-இல் லொயிக் ரெமியை லிவர்பூல் மெடிக்கலுக்குப் பிறகு வேண்டாம் என்றது. சில வாரத்தில் செல்சீ அவரை வாங்கியது. அந்த சீசனில் செல்சீ லீக் சாம்பியன். 2009-இல் அலி சிசோகோவை ஏசி மிலான் திருப்பி அனுப்பியதற்குச் சொல்லப்பட்ட காரணம் பல் கோளாறு. லியோன் அவரை எடுத்துக்கொண்டது. 2018-இல் நபில் ஃபெகிர் லிவர்பூலுக்குப் போகவிருந்த பேச்சு, முன்பு ஏசிஎல் கிழிந்திருந்த முழங்காலைப் பற்றிய சந்தேகத்தால் கடைசிக் கட்டத்தில் முறிந்தது. அதே கோடையில் அவர் உலகக் கோப்பை வென்ற பிரெஞ்சு அணியில் இருந்தார். இதை வைத்து லிவர்பூல் டாக்டர்கள் தப்பு செய்தார்கள் என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களிடம் கேட்கப்பட்டது ‘இந்த விலைக்கு, இத்தனை ஆண்டுக்கு, இந்த முழங்கால் தாங்குமா?’ என்பது. விலையும் ஆண்டும் மாறினால் பதிலும் மாறும்.

உங்கள் டாக்டர் ‘ரிஸ்க் அதிகம்’ என்று ஒரே வரியில் முடித்தது எனக்குப் போதவில்லை. அவரிடம் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: முதல் சீசனில் எத்தனை ஆட்டங்களுக்கு இவர் கிடைப்பார், நல்ல நிலையில் எவ்வளவு, மோசமான நிலையில் எவ்வளவு? நான்கு ஆண்டுக்குள் அதே முழங்காலில் மறுபடி கத்தி வைக்கும் வாய்ப்பை அவர் எப்படி மதிப்பிடுகிறார்? எதை வைத்து அப்படிச் சொல்கிறார்? பதில் மூன்று மூன்று வரி இருந்தால் போதும். அந்தக் காகிதம் கையில் வந்தபிறகு தலைவரும் ‘டாக்டர்கள் அப்படித்தான்’ என்று சொல்ல மாட்டார்.

அந்தக் காகிதம் நன்றாக வர டாக்டருக்குச் சில பொருள் வேண்டும். எம்ஆர்ஐ படம் மட்டும் போதாது. நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களின் முழங்காலைப் படம் எடுத்தாலே குருத்தெலும்பில் தேய்மானம், மெனிஸ்கஸில் பழைய கீறல் என்று ஏதாவது தெரியும். மாறாக, பார்க்க அழகாக இருக்கும் புதுத் தசைநார் உள்ளே இன்னும் பக்குவப்படாமலும் இருக்கலாம். அது முழுதாகப் பக்குவப்பட ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகும். நான் முதலில் கேட்பது அறுவை சிகிச்சைக் குறிப்பு. கிழிந்த ஏசிஎல்லுக்குப் பதிலாக வைத்த திசு, அதாவது கிராஃப்ட், எங்கிருந்து எடுத்தது? முழங்கால் சிப்பித் தசைநாணிலிருந்து எடுத்திருந்தால் முன்பக்க வலி சிலருக்கு நீண்ட நாள் நிற்கும். ஹாம்ஸ்ட்ரிங்கிலிருந்து எடுத்திருந்தால், ஏற்கெனவே மூன்று முறை ஹாம்ஸ்ட்ரிங் பிடித்த உங்கள் ஆளுக்கு அது தனிக் கவலை. எந்தக் காலில் பிடித்தது, எந்தக் காலில் எடுத்தார்கள் என்று பாருங்கள்.

‘மெனிஸ்கஸிலும் ஏதோ வேலை’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அந்த ‘ஏதோ’தான் என் கண்ணில் முதலில் பட்டது. தைத்தார்களா, வெட்டி எடுத்தார்களா? தைத்திருந்தால் குணமாகும் காலம் அதிகம், மறுபடி பிரியும் வாய்ப்பும் உண்டு. ஆனால் பிழைத்துவிட்டால் முழங்காலுக்கு மெத்தை மிச்சம். வெட்டியிருந்தால் சீக்கிரம் ஓடுவார், பின்னால் குருத்தெலும்பு தேயும். வெளிப்பக்க மெனிஸ்கஸில் பெரும்பகுதியை எடுத்திருந்தால், நான்கு ஆண்டு ஒப்பந்தம் என்ற பேச்சையே நான் எடுக்க மாட்டேன். ஏசிஎல் என்ற மூன்றெழுத்தை எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். பல வீரர்களின் ஆட்ட வாழ்க்கையைச் சத்தமில்லாமல் முடிப்பது பக்கத்தில் இருக்கும் குருத்தெலும்பு.

அப்புறம் அறையில் நடக்கும் பரிசோதனை. முடிந்தால் உங்கள் குழுவிலிருந்து ஒருவர், வீரர் சம்மதித்தால், ஒரு முறை பார்க்கட்டும். வீரரை மல்லாக்கப் படுக்க வைத்து முழங்காலைச் சற்றே மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கெண்டைக்காலை முன்னால் இழுப்போம். நல்ல தசைநார் ‘டக்’ என்று ஓர் இடத்தில் பிடித்து நிறுத்தும். தளர்ந்த தசைநார் நிற்காமல் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போகும். கை மட்டும் உணரக்கூடிய வித்தியாசம் அது. பிறகு இரண்டு தொடையையும் முழங்கால் சிப்பிக்கு மேலே ஒரே உயரத்தில் டேப் வைத்து அளப்போம். ஐந்தாம் மாதத்தில் அறுவை நடந்த தொடை சிறுத்துத்தான் இருக்கும். எவ்வளவு என்பதுதான் செய்தி. அதன்பின் ஒரு சின்னப் பலகை மேலிருந்து ஒற்றைக் காலில் மெதுவாக இறங்கச் சொல்வோம். இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறதா, முழங்கால் உள்பக்கம் சரிகிறதா? குதிக்க அனுமதி உள்ள கட்டம் வந்தபிறகு ஒற்றைக் கால் குதிப்பு. அதில் தூரத்தை எல்லோரும் அளப்பார்கள். நான் சத்தத்தையும் கேட்பேன். நல்ல கால் பூனைபோல் இறங்கும். பயந்த கால் விறைப்பாக, தொப்பென்று இறங்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. அறுவை நடந்த கால் மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதத்தை எட்டிவிட்டால் நல்லது என்பது பொதுவான அளவுகோல். ஆனால் அந்த மற்றக் காலும் இத்தனை மாதமாகச் சும்மா இருந்து பலம் குறைந்திருக்கிறது. மெலிந்த காலோடு ஒப்பிட்டு 90 வாங்குவது பெரிய விஷயமில்லை. அதனால் காயத்துக்கு முன் எடுத்த பல அளவுகளைப் பழைய கிளப்பிடம் கேட்டு வாங்குங்கள்: தொடைப் பலம், உச்ச வேகம், ஓர் ஆட்டத்தில் ஓடிய வேக ஓட்டங்களின் தூரம். முதல் பிரிவு கிளப் என்றால் ஜிபிஎஸ் பதிவு இல்லாமல் இருக்காது. வீரர் சம்மதித்தும் தர மறுத்தால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

ஹாம்ஸ்ட்ரிங் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் முன்னால் சொன்ன அதே யூஇஎஃப்ஏ ஆய்வில், எல்லாக் காயங்களிலும் ஹாம்ஸ்ட்ரிங்கின் பங்கு 12 சதவீதமாக இருந்தது இருபது ஆண்டில் 24 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. ஒரு முறை பிடித்தவருக்கு மறுபடி பிடிப்பது சகஜம். அதுவும் பெரும்பாலும் திரும்பி வந்த முதல் இரண்டு மாதத்துக்குள். உங்கள் ஸ்ட்ரைக்கர் பின்தடுப்பு வரிசையைத் தாண்டிப் பாய்ந்து ஓடி கோல் அடிப்பவரா, அல்லது பந்தை வாங்கி நிறுத்தி, கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்குள் நின்று அடிப்பவரா? முதல் வகை என்றால் அவர் ஆட்டமே அந்தத் தசையை நம்பி இருக்கிறது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல டாக்டரைவிடக் கோச் பொருத்தமானவர்.

காயத்தோடு வாங்கி ஜெயித்த கதை உண்டா என்றால், இல்காய் குந்தோகன் இருக்கிறார். 2016 கோடையில் மான்செஸ்டர் சிட்டி அவரை டார்ட்மண்டிலிருந்து வாங்கியபோது முழங்கால் சிப்பி விலகி வெளியே இருந்தார். அதற்கு முன் முதுகுப் பிரச்சினையால் ஓர் ஆண்டுக்கும் மேல் ஆடாமல் இருந்தவர் வேறு. செப்டம்பரில் இறங்கினார், டிசம்பரில் ஏசிஎல் கிழிந்தது, சீசன் முடிந்தது. அன்றைக்கு யாராவது கணக்குப் பார்த்திருந்தால் ‘வீண்’ என்றுதான் எழுதியிருப்பார்கள். 2023-இல் ஒரே சீசனில் மூன்று பெரிய கோப்பைகளைக் கேப்டனாகத் தூக்கிவிட்டுத்தான் அவர் கிளம்பினார். இது எப்படிச் சாத்தியமாயிற்று? அவர் நடுக்கள வீரர், ஆட்டம் காலைவிடக் கண்ணில் இருந்தது. அதைவிட முக்கியம், அவர் இல்லாவிட்டாலும் சிட்டியின் நடுக்களத்தில் ஆள் இருந்தது. யாரும் அவரைச் சீக்கிரம் வா என்று பிடித்து இழுக்கவில்லை.

எதிர்ப்பக்கம் ஜொனதன் வுட்கேட். 2004-இல் தொடைக் காயத்தோடு இருந்தவரை நியூகாசிலிடமிருந்து ரியல் மாட்ரிட் ஒரு கோடிப் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. முதல் ஆட்டம் ஆட 2005 செப்டம்பர் ஆயிற்று. அந்த ஆட்டத்தில் சொந்த கோல் போட்டு, சிவப்பு அட்டையும் வாங்கினார். ஓவன் ஹார்கிரீவ்ஸ் இன்னும் பாவம். 2007-இல் மான்செஸ்டர் யுனைடெட் சேர்ந்து முதல் சீசனிலேயே சாம்பியன்ஸ் லீக் வென்றார். இரண்டு முழங்கால் சிப்பித் தசைநாண்களும் வதைத்ததில் அடுத்த மூன்று சீசனில் விரல்விட்டு எண்ணும் ஆட்டங்களே ஆடினார். என் அனுபவத்தில், கிழிந்து சரிசெய்த தசைநாருக்கு ஒரு காலண்டர் உண்டு. அது இத்தனை மாதம், இந்தக் கட்டம் என்று நகரும். நாள்பட வலிக்கும் தசைநாணுக்கும், திரும்பத் திரும்பப் பிடிக்கும் தசைக்கும் காலண்டர் கிடையாது. அதனால் உங்கள் ஆளின் ஏசிஎல்லைவிட அந்த மூன்று ஹாம்ஸ்ட்ரிங் எனக்கு அதிகத் தொந்தரவு தருகிறது.

உங்கள் நிலைமைக்கு மிக அருகில் வரும் உதாரணம் ரடமேல் ஃபால்காவ். 2014 ஜனவரியில் மொனாக்கோவுக்கு ஆடும்போது ஏசிஎல் கிழிந்து உலகக் கோப்பையைத் தவறவிட்டார். செப்டம்பர் முதல் தேதி, விண்டோ மூடும் நாளில், யுனைடெட் அவரை ஓர் ஆண்டுக் கடனுக்கு, அதாவது வாங்காமல் இரவலாக, எடுத்தது. பிடித்திருந்தால் பெரிய தொகை கொடுத்து வாங்கலாம் என்று வாய்ப்பு மட்டும் வைத்துக்கொண்டது. லீக்கில் 26 ஆட்டம், 4 கோல். வாய்ப்பைப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான், கதை முடிந்தது. அடுத்து செல்சீயிலும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு 2016-17 சீசனில் மொனாக்கோ பிரெஞ்சு லீக்கை வென்றபோது கேப்டன் ஃபால்காவ், லீக்கில் 21 கோல். அந்த முழங்கால் குணமாகத்தான் செய்தது, ஆனால் பழைய ஆட்டம் திரும்ப இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு ஆண்டை விலைக்கு வாங்காமல் தப்பித்தது யுனைடெட்.

ஆகவே என் யோசனை: இந்த விண்டோவில் கடன், பிறகு வாங்கும் வாய்ப்பு. ஃபிஃபா விதிப்படி ஒரு கடன் ஒப்பந்தம் ஓர் ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. உங்களுக்கு ஓர் ஆண்டே போதும். அவர் உங்கள் பிசியோவிடம் மீண்டு வரட்டும், உங்கள் மைதானத்தில் ஓடட்டும். சீசன் முடிவில், யாரோ எழுதிக் கொடுத்த அறிக்கையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய அவசியம் உங்களுக்கு இருக்காது. மீளும் மாதங்களில் சம்பளத்தில் ஒரு பங்கைப் பழைய கிளப் ஏற்கட்டும் என்று கேளுங்கள். கொடுக்க மாட்டார்கள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டாம். ஆடாத வீரருக்கு முழுச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான்.

பழைய கிளப் ‘வாய்ப்பு வேண்டாம், கட்டாயம் வாங்க வேண்டும்’ என்று அடம் பிடிக்கலாம். அப்படியானால் கட்டாயத்தை ஆட்டங்களோடு கட்டுங்கள்: இத்தனை ஆட்டம் தொடக்கத்திலிருந்து ஆடினால் வாங்குவோம், இல்லையென்றால் இல்லை. இதிலும் ஒரு வம்பு உண்டு. 2022-இல் பார்சிலோனாவிலிருந்து கடனில் அத்லெட்டிகோ மாட்ரிட்டில் ஆடிய கிரீஸ்மானுக்கு இப்படியொரு பிரிவு இருந்தது. ஆட்டத்தில் 45 நிமிடம் ஆடினால் அது கணக்கில் சேரும் என்பதால், அறுபது நிமிடம் தாண்டியபிறகே அவரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பார்சிலோனாவோடு மறுபடி பேசி விலையைக் குறைத்து முடித்தார்கள். நல்ல ஸ்ட்ரைக்கரை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்து உட்கார வைக்கும் நிலை உங்கள் கோச்சுக்கு வரக் கூடாது. எண்ணிக்கையை எட்டினால் நீங்களே சந்தோஷமாக வாங்குவீர்கள் என்கிற அளவுக்கு உயரமாக வையுங்கள்.

கடன் அறவே முடியாது, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு ஆண்டு ஒப்பந்தம், கூடவே கிளப் விரும்பினால் நீட்டிக்கும் பிரிவு, டிரான்ஸ்பர் தொகையில் பெரும்பகுதி ஆடிய ஆட்டங்களுக்கு ஏற்பத் தவணை. சம்பளத்தில் அடிப்படை குறைவாக, களத்தில் இறங்கினால் கூடுதலாக. வீரரின் ஏஜென்ட் முகம் சுளிப்பார். 2022 ஜனவரியில், மைதானத்திலேயே இதயம் நின்று பிழைத்த எரிக்சன், உடலுக்குள் கருவியோடு பிரென்ட்ஃபோர்டில் சேர்ந்தது சீசன் முடிவுவரைக்குமான சிறு ஒப்பந்தத்தில்தான். நன்றாக ஆடினார், அதே கோடையில் மான்செஸ்டர் யுனைடெட் எடுத்துக்கொண்டது. குறுகிய ஒப்பந்தம் வீரருக்கும் நல்லதாக முடியலாம் என்று ஏஜென்டிடம் சொல்ல இது உதவும்.

சட்டத்தில் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ‘இப்போது கையெழுத்துப் போடுவோம், மெடிக்கல் சரியில்லை என்றால் செல்லாது’ என்று எழுத முடியாது. ஃபிஃபாவின் டிரான்ஸ்பர் விதிகளில் 18-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. பரிசோதனை எல்லாம் கையெழுத்துக்கு முன்பே முடிய வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு காயத்தைக் காரணம் காட்டி வெளியேறலாம் என்றும் கனவு காண வேண்டாம். மூன்று வாரம் போதுமான அவகாசம்தான், இன்றே தொடங்கினால். கடைசி நாள் இரவில் எம்ஆர்ஐ எடுக்கும் கிளப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அறிக்கையை யாரும் படிப்பதில்லை, கையெழுத்தைத்தான் பார்க்கிறார்கள்.

காப்பீட்டை நம்பி இறங்கவும் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் காயத்தைக் காப்பீட்டாளர்கள் வழக்கமாக விலக்கிவிடுவார்கள். அந்த முழங்காலும் அந்தத் தொடையும் விலக்குப் பட்டியலில் வரும். தேசிய அணிக்கு ஆடும்போது காயம் பட்டு 28 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் கிளப்புக்குச் சம்பள ஈடு தரும் ஃபிஃபா திட்டம் ஒன்று இருக்கிறது. அது நல்ல திட்டம், ஆனால் உங்கள் பயிற்சி மைதானத்தில் நடப்பதற்கு அது வராது.

யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டீர்கள். வாங்குவதா வேண்டாமா என்பது நிர்வாகக் குழுவின் முடிவு; டாக்டர் தலையிலோ கோச் தலையிலோ அதைச் சுமத்தாதீர்கள். டாக்டரிடம் ஆபத்தின் அளவைக் கேளுங்கள். கோச்சிடம், இவர் இல்லாத முதல் பாதி சீசனை எப்படி ஓட்டுவீர்கள் என்று கேளுங்கள். அவரிடம் பதில் இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். சிட்டிக்குக் குந்தோகன் சரிப்பட்டதும் உங்களுக்கு இவர் சரிப்படாமல் போகக்கூடியதும் இந்த ஓர் இடத்தில்தான். முன்வரிசையில் வேறு ஆளில்லாத கிளப், தோற்கத் தோற்க அந்த முழங்காலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆகவே வேறொரு ஸ்ட்ரைக்கர், நட்சத்திரமாக இல்லாவிட்டாலும் சரி, முதல் நாளிலிருந்து ஓடக்கூடியவர், இந்த விண்டோவிலேயே வேண்டும். அந்தச் செலவையும் இவர் கணக்கிலேயே எழுதுங்கள். இவர் எப்போது களமிறங்குவார் என்ற முடிவு மட்டும் டாக்டருடையது என்று கோச்சின் கையெழுத்தோடு இப்போதே ஒரு தாளில் வாங்கி வையுங்கள்.

இத்தனை பேச்சிலும் வீரரிடம் யாராவது பேசினார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஏசிஎல் வீரர்களுக்கு மனத் தயார்நிலையை அளக்க 12 கேள்வி கொண்ட ஒரு படிவம் இருக்கிறது: மறுபடி அடிபடுமோ என்று பயமா, காலைப் பற்றி நினைக்காமல் ஆட முடிகிறதா என்கிற மாதிரி. ஐந்தாம் மாதத்தில் மதிப்பெண் குறைவாக வந்தால் பதற வேண்டாம். எதைப் பற்றிப் பயப்படுகிறார் என்று தெரிந்தால் உங்கள் பிசியோவுக்கு அது போதும். மீட்சியில் தினசரி யாரோடு வேலை செய்கிறார், பழைய பிசியோ கூட வருவாரா, குடும்பம் இடம் மாறுமா என்றும் கேளுங்கள். பாதி மீட்சியில் ஆளையும் முறையையும் மாற்றினால் சில வாரம் வீணாகும்.

ரசிகர்கள் விஷயம். அவருடைய மருத்துவ விவரம் அவருக்குச் சொந்தம். அவர் சம்மதம் இல்லாமல் குழுவிலிருந்து இன்னொரு வரிகூடக் கசியக் கூடாது. கையெழுத்தானபின் அறிவிக்கும்போது திரும்பும் தேதி எதையும் சொல்லாதீர்கள். சொன்ன தேதி வந்ததும் மைதானமே அவர் பெயரைக் கத்தும், கோச் பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பார்.

பழைய கிளப் கடனுக்கும் வரவில்லை, தவணைக்கும் வரவில்லை என்றால் இந்த முறை விட்டுவிடுங்கள். 2000-இல் மான்செஸ்டர் யுனைடெட் வான் நிஸ்டல்ரூயின் முழங்காலைச் சந்தேகித்து நிறுத்திவைத்தது. சில நாளிலேயே பயிற்சியில் அவர் ஏசிஎல் கிழிந்தது. ஓராண்டு காத்திருந்து, மறுபடி பரிசோதித்து, 2001-இல் கிட்டத்தட்ட முதலில் பேசிய அதே தொகைக்கு வாங்கினார்கள். தள்ளுபடி என்று ஒன்றும் கிடைக்கவில்லை. ஐந்து சீசனில் 150 கோல் கிடைத்தது. உங்கள் ஆளும் அடுத்த விண்டோ திறக்கும்போது ஒன்பதாம் மாதத்தைத் தாண்டி, அநேகமாகப் பந்தோடு ஓடிக்கொண்டிருப்பார். அன்றைக்கு 40 சதவீதம் இருக்காது, 15 இருக்கலாம். நான் முன்னால் சொன்ன கணக்கை அப்போது புது எண்களோடு ஒரு முறை போட்டுப் பாருங்கள். வேறு கிளப் இடையில் கொத்திக்கொண்டு போய்விட்டால், அந்த முழங்காலோடு அந்த நான்கு ஆண்டுச் சம்பளமும் அவர்களோடு போகும்.